லேப்டாப் ஆன் ஆகலையா? சுவரிலிருந்து பார்த்து வாருங்கள்!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது களப் பொறுப்பாளர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம் இது. அன்று வர முடியாத உறுப்பினர்களும் படித்துப் பயன்பெற வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், தவணை, தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் வேறு விஷயம். நம் வீட்டிலும் குழுவிலும் இருக்கிற பழைய லேப்டாப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். "அதெல்லாம் பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கு என்ன தெரியும்" என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். வங்கிக்குப் போய் செலான் நிரப்புவதற்கும் நாம் முதலில் இப்படித்தான் பயந்தோம். இன்று மேனேஜரிடமே நேராகக் கேள்வி கேட்கிறோம். பழகினால் எதுவும் வரும்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் மேல்நிலை படித்த பிள்ளைகள் பலருக்கு அது கிடைத்தது. அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்டார்கள். லேப்டாப் மட்டும் வீட்டில் இருக்கிறது. சில வீடுகளில் அடுத்த பிள்ளை அதில் படிக்கிறது. சில குழுக்களில் அதே லேப்டாப்பில்தான் உறுப்பினர் பட்டியலும் கடன் கணக்கும் இருக்கின்றன.

இந்தப் பழைய லேப்டாப்களைப் பற்றி எங்களிடம் வருகிற குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "சார்ஜ் ஏறலைங்க." "ஆனே ஆகலை." "வயரை எடுத்தா உடனே அணைஞ்சு போகுது." உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே "மதர்போர்டு போச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் நமக்குப் பதில் பேசத் தெரியவில்லை. ஒன்று, கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுகிறோம். இரண்டிலும் நமக்குத்தான் நஷ்டம். குறை உண்மையில் எங்கே இருக்கிறது என்று நமக்கே ஓரளவு தெரிந்தால் யாரும் நம்மை அப்படி ஒரு வார்த்தையில் அனுப்ப முடியாது. அதற்குத்தான் இந்தப் பேச்சு.

குழாயில் தண்ணீர் வராவிட்டால்?

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? எடுத்த எடுப்பில் மேல்நிலைத் தொட்டி உடைந்துவிட்டது என்று சொல்வோமா? தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, வழியில் பைப் உடைந்திருக்கிறதா, நம் குழாயில் அடைப்பா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடைசியில்தான் குடத்தில் ஓட்டையா என்று பார்ப்போம்.

லேப்டாப்புக்கும் இதே வரிசைதான். சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட்தான் தொட்டி. அங்கிருந்து ஒரு வயர். நடுவில் கறுப்பு டப்பா. அதைத்தான் அடாப்டர் என்கிறோம். அடாப்டரிலிருந்து இன்னொரு மெல்லிய வயர், அதன் முனையில் ஒரு பின். அந்தப் பின் போய்ச் சேருகிற ஓட்டை லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கிறது. கடைசியில் பேட்டரி. அதுதான் நம் குடம்.

நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். லேப்டாப்புக்கு அவ்வளவு வேண்டாம். ஏறத்தாழ 19 வோல்ட் போதும். அதுவும் பேட்டரியில் வருவது போன்ற நேர்மின்சாரமாக வேண்டும். 230 வோல்ட்டைக் குறைத்து, மாற்றிக் கொடுப்பதுதான் அந்தக் கறுப்பு டப்பாவின் வேலை.

இரண்டு விதிகளை மட்டும் மறக்காதீர்கள். ஒன்று, சுவரிலிருந்து ஆரம்பித்து லேப்டாப்பை நோக்கி வர வேண்டும். இரண்டு, ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால், எது சரியானதால் ஓடியது என்று தெரியாது.

முதல் படி: சுவர்

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அதே பாயிண்டில் டேபிள் ஃபேனை மாட்டிப் பாருங்கள். ஃபேன் வழக்கமான வேகத்தில் ஓடுகிறதா? மெதுவாகச் சுற்றினால் லோ வோல்டேஜ். விட்டு விட்டு ஓடினால் பாயிண்ட் லூஸ். பாயிண்டைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தாலோ, மாட்டும்போது பொறி பறந்தாலோ அதில் எதையும் மாட்ட வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தால், அதை விட்டுவிட்டு நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். பல வீடுகளில் குறை பாக்ஸில்தான் இருக்கிறது.

ஒரு அக்கா கேட்டாங்க, "லேப்டாப்பில் இருக்கிற ஸ்க்ரூவைத் தொட்டா சுருசுருன்னு இருக்கே, அது ஏன்?" என்று. நல்ல கேள்வி. மூன்று பின் வைத்த பிளக்கில் பெரிய பின் எர்த்துக்கானது. வீட்டில் எர்த் சரியாக இல்லாவிட்டாலோ, அந்தப் பின்னை விட்டுவிட்டு இரண்டு பின்னில் மாட்டினாலோ இப்படிச் சுருசுருக்கும். லேப்டாப்பை மாற்றுவதால் இது தீராது. வீட்டு எர்த்தைச் சரிபார்க்க வேண்டும். மற்ற சாமான்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

இரண்டாம் படி: சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவில் உள்ள வயர்

இந்த வயர் அடாப்டரிலிருந்து தனியாகக் கழன்று வரும். இது பலருக்குத் தெரியாது. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, டப்பாவிலிருந்து அந்த வயரை உருவி, மறுபடி நன்றாக அழுத்தி மாட்டுங்கள். பாதி மட்டும் சொருகியிருந்தாலே கரண்ட் வராது. பிறகு பக்கத்து வீட்டில் அதே மாதிரி மூன்று ஓட்டை உள்ள வயர் இருந்தால் வாங்கி மாட்டிப் பாருங்கள். இந்த வயர் தனியாகவே கடையில் கிடைக்கும். ஒரு சார்ஜர் விலையில் இது சிறு பங்குதான்.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் லேப்டாப்பை ஒரு கடையில் காட்டியபோது போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு பணம் போட முடியாது என்று பெட்டியில் வைத்துவிட்டார்கள். மூன்று மாதக் கணக்கு கையால் எழுதி, தணிக்கை நேரத்தில் திண்டாடினார்கள். பிரதிநிதியாக இருக்கும் தங்கச்சி ஒருநாள் தன் மகனுடைய சார்ஜர் வயரைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தார். டப்பாவில் விளக்கு எரிந்தது. எலி கடித்த வயர் ஒன்றுதான் குறை. மூன்று மாதம் பெட்டியில் தூங்கியது நல்ல லேப்டாப்!

மூன்றாம் படி: கறுப்பு டப்பா

பல அடாப்டர்களில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். லேப்டாப்பில் மாட்டாமல், சுவரில் மட்டும் மாட்டி அதைப் பாருங்கள்.

விளக்கு எரியவே இல்லை, வயரும் நல்ல வயர்தான் என்றால் அடாப்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

விளக்கு எரிகிறது, ஆனால் பின்னை லேப்டாப்பில் சொருகிய உடனே அணைகிறது என்றால் கவனம். லேப்டாப்புக்குள் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது அடாப்டர் பாரம் தாங்காமல் இருக்கலாம். திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்காதீர்கள். வேறு சரியான அடாப்டரால் ஒரு முறை பாருங்கள். அதிலும் விளக்கு அணைந்தால் லேப்டாப்பைத்தான் கடையில் காட்ட வேண்டும்.

விளக்கே இல்லாத டப்பாவும் உண்டு. மோட்டார், டி.வி. ரிப்பேர் செய்கிற தம்பியிடம் மல்டிமீட்டர் இருக்கும். பின்னில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். டப்பாவில் 19 என்று போட்டிருந்தால் ஏறத்தாழ அவ்வளவு காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டாலோ, எண் ஏறி இறங்கி ஆடினாலோ அடாப்டர் சரியில்லை. சில அடாப்டர்கள் சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, லேப்டாப்பில் மாட்டியதும் படுத்துவிடும். அதனால் மீட்டரில் சரியாக இருந்தாலும், வேறு அடாப்டரால் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வேறு அடாப்டர் என்றால் எது வேண்டுமானாலும் அல்ல! டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படியுங்கள். 'அவுட்புட்' என்ற வரியில் இரண்டு எண் இருக்கும். உதாரணமாக 19 வோல்ட், 3.42 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 65 வாட் வரும். வோல்ட் என்பது தண்ணீரின் அழுத்தம். ஆம்பியர் என்பது குழாய் எவ்வளவு தண்ணீர் தர முடியும் என்பது. வோல்ட் நம் பழைய அடாப்டரில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. குறைந்தால் டப்பா சுடும், சார்ஜ் ஏறாது. பின்னும் அதே அளவாக இருக்க வேண்டும்.

டெல் லேப்டாப்கள் பலவற்றில் பின்னின் நடுவில் ஊசி போல ஒன்று இருக்கும். இது யாருடைய அடாப்டர், எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அந்த ஊசிதான். அது ஒடிந்தாலோ வளைந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. அடாப்டர் வகை தெரியவில்லை என்று திரையில் எழுத்தும் வரும். அப்போது பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

நான்காம் படி: பின் சொருகும் ஓட்டை

"வயரை ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடிச்சா சார்ஜ் ஏறுது, விட்டா நின்னுடுது." இதைக் கேட்காத ஊர் இல்லை. குறை வயரின் முனையிலா, லேப்டாப்பின் ஓட்டையிலா என்று பார்க்க வேண்டும். பின்னை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதை ஒட்டிய வயரை மட்டும் மெதுவாக அசையுங்கள். விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. வயரை அசைத்தும் ஒன்றும் ஆகாமல், பின் மட்டும் ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடினால் ஓட்டைதான் லூஸ்.

பல பழைய மாடல்களில் இந்த ஓட்டை தனி வயரோடு வரும் சிறு பாகம். அதை மட்டும் கழற்றி மாற்றலாம். சில மாடல்களில் மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அதையும் நல்ல ரிப்பேர்காரர் எடுத்துவிட்டுப் புதிது வைப்பார். ஓட்டை லூஸ் என்பதற்காக முழு போர்டையும் மாற்ற வேண்டியதில்லை. அதே சமயம், சாய்த்துப் பிடித்தே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். லூஸ் இடத்தில் பொறி விட்டுச் சூடாகி, நல்லா இருக்கிற போர்டும் வீணாகிவிடும்.

ஐந்தாம் படி: மீதிக் கரண்டை வடிய விடுவது

இதுவரை எல்லாம் சரி, ஆனாலும் ஆன் ஆகவில்லை என்றால் கடைக்குப் போகும் முன் காசில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது.

சார்ஜரைக் கழற்றுங்கள். அடியில் தள்ளுகிற கொக்கி வைத்த பேட்டரி என்றால் அதையும் வெளியே எடுங்கள். பிறகு ஆன் செய்கிற பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். அதன்பின் பேட்டரி இல்லாமல், சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள்.

உள்ளே கரண்ட் பங்கீட்டைக் கவனிக்கிற சின்னச் சில்லு ஒன்று உண்டு. சில சமயம் அது குழம்பி அப்படியே நின்றுவிடும். உள்ளே தங்கியிருக்கிற மீதிக் கரண்ட் வடிந்தால் அது புதிதாக வேலையைத் தொடங்கும். அதற்குத்தான் இந்த 30 விநாடி.

பேட்டரி இல்லாமல் ஆன் ஆனால் குறை பேட்டரிப் பக்கம் இருக்கலாம். லேப்டாப்பை முறையாக அணைத்துவிட்டு பேட்டரியை மாட்டுங்கள். மறுபடி தகராறு செய்தால் பேட்டரிதான் என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரி உள்ளேயே வைத்துத் திருகியிருக்கிற மாடல் என்றால் திறக்க வேண்டாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டனை மட்டும் 30 விநாடி அழுத்திப் பாருங்கள்.

ஆறாம் படி: பேட்டரி

லேப்டாப் பேட்டரி லித்தியம் வகை. 300 முதல் 500 முறை முழுசாக ஏறி இறங்கினாலே அதன் பலம் குறையத் தொடங்கிவிடும். பத்து வருடம் ஆன பேட்டரி சோர்ந்துபோவது இயற்கைதான், யாருடைய தப்பும் இல்லை.

"100 சதவீதம் காட்டுது, ஆனா பத்து நிமிஷத்துல அணைஞ்சிடுது" என்று பலர் சொல்கிறீர்கள். அந்த நூறு எதில் நூறு என்று பார்க்க வேண்டும். நூறு மூட்டை பிடித்த குதிர் ஓட்டை உடைசலாகி, இப்போது 25 மூட்டைதான் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 25 நிறைந்தாலும் "குதிர் நிறைஞ்சுபோச்சு" என்றுதானே சொல்வோம்? அதே கதைதான். விண்டோஸ் 8 முதல் பின்னால் வந்தவற்றில் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுக்கிற வசதி இருக்கிறது. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் எடுத்துத் தரும். அதில் புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் இருக்கும். 48,000 என்று இருந்தது 12,000 என்று ஆகியிருந்தால் கால்வாசிதான் மிச்சம்.

60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜ் நின்றுவிடுகிறதா? அது குறையாக இல்லாமலும் இருக்கலாம். பேட்டரி நாள்பட உழைக்க வேண்டும் என்று சில கம்பெனிகள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. லெனோவோவில் அதற்கு 'கன்சர்வேஷன் மோட்' என்று பெயர். அதை அணைத்தால் முழுசாக ஏறும்.

புது பேட்டரி வாங்கும்போது பழைய பேட்டரியையே கையில் எடுத்துப் போங்கள். அதில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். பேட்டரிக்கும் அடாப்டருக்கும் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். சீட்டில் அந்த முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கரண்டுக்கு வசதியான இடத்தில் வைத்தே வேலை செய்வதென்றால் பேட்டரி இல்லாமலும், சார்ஜரை மட்டும் மாட்டி, கழற்றும் பேட்டரி உள்ள பழைய மாடல்கள் பலவற்றை ஓட்டலாம். கரண்ட் போனால் எழுதியது போய்விடும், அவ்வளவுதான். அடிக்கடி சேமித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் குறை போலத் தெரியும், ஆனால் அல்ல

விளக்கு எரிகிறது, ஃபேன் சத்தம் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. இது சார்ஜர் குறை அல்ல. டி.வி.யிலோ புரொஜெக்டரிலோ இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் திரைப் பக்கம்தான் குறை. கடையில் அப்படியே சொல்லுங்கள்.

நன்றாக ஓடி, கால் மணி நேரத்தில் சுட்டு அணைகிறதா? காற்று போகிற ஓட்டையில் தூசி அடைத்திருக்கும். மெத்தை மேலும் பாய் மேலும் வைத்து ஓட்டினாலும் காற்று போகாது. பலகை மேல் வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி தப்பாகக் காட்டுகிறதா? உள்ளே காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும், அது தீர்ந்திருக்கும். செலவு குறைவுதான். ஆனால் தேதி தப்பானால் வரவு செலவுப் பதிவிலும் தப்பான நாள் விழும். ஆகவே மாற்றிவிடுங்கள்.

இங்கே துணிச்சல் வேண்டாம்

இதுவரை தைரியமாகச் செய்யச் சொன்னேன். இப்போது செய்யக்கூடாதவற்றைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தால் அதோடு விளையாடக் கூடாது. லேப்டாப் தரையில் சமமாக உட்காராமல் ஆடும். கீபோர்டோ, விரல் வைத்துத் தேய்க்கிற இடமோ மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படி இருந்தால் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அழுத்தாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று நினைக்காதீர்கள். தீப்பிடிக்கும். பிள்ளைகள் கை படாத இடத்தில், அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி வைத்துவிட்டு, பழகிய ரிப்பேர்காரரை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். புகை வந்தால் ஆட்களை வெளியே அனுப்பி, எட்டினால் மெயினை அணைத்துவிட்டு, 101 அல்லது 112-க்குப் போன் போடுங்கள்.

கறுப்பு டப்பாவை வீட்டில் உடைத்துத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றி ஓட்டுவதும் வேண்டாம். ராத்திரி தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம்.

காற்று மழை நாளில் கரண்ட் கம்பியில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைக்கும் ஏறலாம். பல்பு திடீரென்று பளீரென எரிந்தால் உடனே மெயினை அணைத்து லைன்மேனுக்குச் சொல்லுங்கள். கரண்ட் போனால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். வந்து சில நிமிடம் நிலைத்த பிறகு மாட்டுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. வாங்குகிற கடையில் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். கரண்ட் குறையால் லேப்டாப் ஆன் ஆகாவிட்டாலும், அதில் எழுதிய கணக்கு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கணக்கு இருப்பது ஹார்டு டிஸ்க்கில். பழைய லேப்டாப்களில் அதைத் தனியே கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக் கணக்கை எடுத்துவிடலாம். ஆகவே "ஃபார்மட் பண்ணினாதான் சரியாகும்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சார்ஜ் ஏறாததற்கும் ஃபார்மட்டுக்கும் சம்பந்தமில்லை.

அந்த ஹார்டு டிஸ்க்கில் நம் உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், போட்டோ எல்லாம் இருக்கும். வீட்டு லேப்டாப்பில் மகளின் போட்டோக்கள் இருக்கும். அதைக் கடையில் விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று வரக் கூடாது. கூடுமானவரை உட்கார்ந்து ரிப்பேர் பார்த்து வாங்குங்கள். விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வாங்கி வாருங்கள். கரண்ட் குறையைச் சரிபார்க்க அது தேவையில்லை.

கடையில் நீங்கள் சொல்ல வேண்டியது இது: "பாயிண்ட் சரி. வயர் மாத்திப் பார்த்தோம். அடாப்டரில் 19 வோல்ட் வருது. பேட்டரி இல்லாமலும் ஆன் ஆகலை." இப்படிச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பிறகு கேளுங்கள்: எந்தப் பாகம் போயிருக்கிறது? அதை மட்டும் மாற்ற முடியுமா? மொத்தம் எவ்வளவு, எழுதித் தருவீர்களா? எத்தனை நாள் உத்தரவாதம்? பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?

நிஜமாகவே போர்டு போயிருந்தால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு கடையிலும் காட்டுங்கள். ரிப்பேர் செலவு, அதே மாதிரி பழைய லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் குழுவில் பேசி முடிவெடுங்கள். பொதுப் பணத்தை ஒருவர் மட்டும் முடிவெடுத்துச் செலவழிக்கக் கூடாது.

பதிவேடு ஒன்று போடுங்கள்

நமக்குப் பதிவேடு புதிதல்ல. லேப்டாப்புக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாடல் பெயர், வரிசை எண், அடாப்டரின் வோல்ட், ஆம்பியர், பேட்டரி எண், வாங்கிய தேதி எல்லாம் எழுதுங்கள். பில்லை அதிலேயே ஒட்டுங்கள். என்ன குறை வந்தது, எதை மாற்றிப் பார்த்தோம், எவ்வளவு செலவு என்று தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த வருடம் ஊக்குநர் மாறினாலும் புதியவர் தடுமாற மாட்டார்.

மாதக் கடைசியில் கணக்கு முடித்ததும் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து, லேப்டாப் இல்லாத வேறு வீட்டில், வேறு நிர்வாகியிடம் கொடுத்து வையுங்கள். லேப்டாப்பைப் பல மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜ் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். முழுசாக இறங்கிய பேட்டரி வருடக்கணக்கில் கிடந்தால் அப்புறம் எழுந்திருக்காது.

சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வீட்டுக்குப் போனதும் பீரோ மேலே கிடக்கிற லேப்டாப்பை இறக்குங்கள். முதலில் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுவரிலிருந்து ஆறு படியையும் வரிசையாகப் பாருங்கள். எந்தப் படியில் நின்றது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை லேப்டாப், என்னென்ன குறை என்று பட்டியல் போட்டு, நம்பகமான ரிப்பேர்காரர் ஒருவரைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கே வரவழைப்போம். நம் கண் முன்னால், நம் சீட்டைப் பார்த்து அவர் வேலை செய்யட்டும். சம்மதம் என்றால் இன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம்.



(கூட்ட முடிவில், பழுதான லேப்டாப்களின் பட்டியலை ஒவ்வொரு குழுவும் அடுத்த மாதக் கூட்டத்தில் கொடுப்பது என்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.)